பாவுக்குக் கஞ்சி, எனக்குக் களி

எங்கள் ஆரணிக்கு இரண்டு பெருமைகள் உண்டு. ஒன்று பட்டு, இன்னொன்று அரிசி. பட்டு நெய்ய நாள் முழுக்க உட்கார வேண்டும். அரிசியைச் சாப்பிடவும் உட்கார வேண்டும். முப்பது வருஷமாக இந்த இரண்டு கடமைகளையும் ஒரு நாள் தவறாமல் செய்தவன் நான். ஊர் எனக்குச் சிலை வைக்கும் என்று இருந்தேன். உடம்பு சர்க்கரை வைத்தது.

அரிசியின் மேல் எங்களுக்குள்ள பக்தி வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. பட்டு நூலைப் பாவாகத் தெருவில் நீட்டிக் கட்டி, அதற்கே அரிசிக் கஞ்சி போடுகிற ஜனங்கள் நாங்கள். கஞ்சி இல்லாமல் நூலுக்கே விறைப்பு வராது என்றால் நெய்கிறவனுக்கு எப்படி வரும்? இந்த நியாயத்தில் காலையில் இட்லி, மதியம் சோறு, ராத்திரி மதியம் மீந்த சோறு என்று வளர்ந்த உடம்பு இது. பாவு விறைப்பாக நின்றது. எனக்கு வயிறு மட்டும் நின்றது.

ராத்திரியில் மூன்று தடவை எழுந்திருக்க ஆரம்பித்ததும் மனைவிக்குச் சந்தேகம் வந்தது. "ஏங்க, ரத்தம் குடுத்துப் பாத்துட்டு வாங்களேன்" என்றாள். எனக்குப் பரீட்சை என்றால் பள்ளிக்கூடத்திலிருந்தே ஒரு வழக்கம் உண்டு. முதல் நாள் மட்டும் படிப்பேன். அதே முறையில் இரண்டு நாள் சோற்றைக் குறைத்து, காபியில் சர்க்கரையை நிறுத்தி, உத்தமனாகப் போய் வெறும் வயிற்றில் கையை நீட்டினேன். அந்தக் கணக்கு ஏதோ சுமாராக வந்தது. ஆனால் டாக்டரம்மா இன்னொரு காகிதத்தை எடுத்தார். ஹெச்பிஏ1சி: 9.2.

"இது மூணு மாசக் கணக்கு" என்றார். ரத்தச் சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழுமாம். அத்தனை நாளும் ரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை ஓடியதோ அதற்குத் தக்கபடி அதில் ஒட்டிக்கொண்டே வருமாம். எனக்குச் சட்டென்று புரிந்தது. இரண்டு நாள் தறியை விட்டுவிட்டு வந்து நெய்தால் புடவையில் அந்த இடத்தில் மெல்லிசாக ஒரு கோடு விழும். முதலாளி புடவையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்து, "அன்னைக்கு எங்கடா போயிருந்த?" என்பார். என் ரத்தத்தையும் ஒருவர் அப்படி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவோடு நடந்த ஆய்வு ஒன்று 2023இல் வெளியானது. அதன்படி நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கும் மேல். இவ்வளவு பெரிய கூட்டத்தில் நான் ஒருவன் சேர்ந்ததால் என்ன குடி முழுகிவிட்டது என்று வீட்டில் கேட்டேன். "10 கோடி பேருக்கும் நான் சமைக்கல" என்றாள் மனைவி.

"உடற்பயிற்சி செய்றீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. குழித்தறிக்காரனிடம் கேட்கிற கேள்வியா இது? காலை முதல் சாயங்காலம் வரை கால் மிதிக்கிறது, கை நாடாவை ஓட்டுகிறது. "எட்டு மணி நேரம் செய்றேன்" என்றேன். "உட்கார்ந்துகிட்டுத்தானே?" என்றார். அதற்கு மேல் என்னிடம் பதில் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் நர்சிங் படிக்கிற மகள் லண்டன் கதை ஒன்றைச் சொன்னாள். ஜெரி மோரிஸ் என்ற மருத்துவர் அந்த ஊர் மாடி பஸ்களைக் கவனித்தாராம். டிரைவருக்கும் கண்டக்டருக்கும் ஒரே பஸ், ஏறக்குறைய ஒரே வாழ்க்கை. ஆனால் மாரடைப்பு டிரைவர்களுக்குத்தான் அதிகம். டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார், கண்டக்டர் மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். இது 1953இல் வெளியான ஆய்வு. "அப்பா, நீங்க டிரைவர். அம்மாதான் கண்டக்டர்" என்றாள். தார் சுற்றி, தண்ணீர் எடுத்து, கடைக்குப் போய், மாடியில் துணி காயப்போட்டு என்று அவள் அம்மா நாளெல்லாம் படியேறிக்கொண்டிருந்தது அன்றைக்குத்தான் என் கண்ணில் பட்டது. விசில் மட்டும்தான் இல்லை.

முதலில் சாப்பாட்டைத் திருத்தினேன். தெருவில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். நாவல் கொட்டை, வேப்பங்கொழுந்து, சிறுகுறிஞ்சான், ஊற வைத்த வெந்தயம் எல்லாம் வரிசையாக வந்தன. நாட்டுச் சர்க்கரை ஒன்றும் செய்யாது என்று ஒருவர் சத்தியமே செய்தார். சத்தியம் செய்தவருக்குப் போன வருஷம் கால் விரலில் புண். இதையெல்லாம் தள்ளிவிட்டு, பெரியவர்கள் வழியில் கேழ்வரகுக் களிக்கு மாறினேன். சிறுதானியம்தான் மருந்தாயிற்றே, மருந்துக்கு அளவு எதற்கு? மூன்று உருண்டை, கூடவே கீரைக் குழம்பு. பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு உருண்டைதான் சாப்பிடுகிறார் என்று தெரிந்ததும் நான் அவரைவிட ஆரோக்கியமானவன் என்று ஒரு கர்வமும் வந்தது.

அடுத்த முறை டாக்டரம்மா அந்தக் கர்வத்தை உருண்டை உருண்டையாக எடுத்துப் போட்டார். நூறு கிராம் கேழ்வரகிலும் மாவுச்சத்து எழுபது கிராமுக்குப் பக்கத்தில் இருக்கிறதாம். அரிசியைவிட நார்ச்சத்து அதிகம், நல்லதுதான். அதற்காக மூன்று உருண்டை போட்டால் சர்க்கரைக்கு அது கேழ்வரகா பொன்னியா என்று பேதம் தெரியாது. ஒரு தட்டை வரைந்து காட்டினார். பாதிக்குக் காய், கால் பங்குக்குப் பருப்போ முட்டையோ மீனோ, மிச்சமுள்ள கால் பங்கில்தான் சோறோ களியோ. அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தேன். எங்கள் வீட்டில் அந்தக் கால் பங்கு அளவுக்குத்தான் ஊறுகாய் வைப்பது வழக்கம்.

அடுத்தது நடை. ஷூ வாங்கினேன், கழுத்தில் போட டர்க்கி டவல் வாங்கினேன், கோட்டை மைதானத்துக்குப் போனேன். இருபது நிமிஷம் நடப்போம், நாற்பது நிமிஷம் அதைப் பற்றிப் பேசுவோம், பிறகு களைப்புக்கு டீயும் மசால் வடையும். ஒரு மாதத்தில் இரண்டு கிலோ ஏறியது. வாரத்துக்கு 150 நிமிஷம் நடந்தால் போதும் என்று சொல்லியிருந்தார்கள். வடைக்கு எத்தனை நிமிஷம் என்று யாரும் சொல்லவில்லை.

இந்தச் சின்ன நடையெல்லாம் எனக்குப் பொருந்தாது, பெரிசாக ஒன்று செய்து கணக்கை ஒரே நாளில் தீர்த்துவிடலாம் என்று தோன்றியது. பௌர்ணமிக்கு மனைவியோடு திருவண்ணாமலை கிளம்பினேன். கிரிவலம் 14 கிலோமீட்டர். டாக்டரம்மா எழுதிக் கொடுத்த சாயங்கால மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். மலையைச் சுற்றிவிட்டுச் சாப்பிடலாம் என்று விரதம். வெறுங்கால். இந்திர லிங்கத்தில் கும்பிட்டேன், அக்னி லிங்கத்தில் கும்பிட்டேன். மூன்றாவது லிங்கம் நெருங்கும்போது கை நடுங்கியது, வேர்த்துக் கொட்டியது, தெரு விளக்குகள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. "இது எந்த லிங்கம்?" என்றேன். "எமலிங்கம்" என்றாள் மனைவி. அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

டீக்கடையில் மூன்று கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கி வாயில் ஊற்றினாள். பத்து நிமிஷத்தில் உலகம் ஒன்றாயிற்று. ஒரு வருஷமாக வீட்டில் எந்தப் பொருளுக்காகச் சண்டை போட்டேனோ அதை மனைவியே கையால் ஊட்டியது அன்றைக்குத்தான். சில வகை மாத்திரைகள் நாம் சாப்பிட்டோமா இல்லையா என்று பார்க்காமல் தம் வேலையைச் செய்துவிடும். கூடவே நடந்தால் தசைகளும் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். இரண்டும் சேர்ந்தால் கணக்கு பள்ளத்தில் போய் விழும்.

டாக்டரம்மா மயக்கத்துக்குத் திட்டியதைவிட வெறுங்காலுக்குத்தான் அதிகம் திட்டினார். என் இடது பாதத்தில் ஒரு கொப்புளம். எனக்கு அது வந்ததே தெரியாது. "தெரியலைங்கிறதுதான் பிரச்சினை" என்றார். சர்க்கரை பாதத்து நரம்பையும் கண்ணின் திரையையும் விட்டுவைக்காதாம். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. எனக்கு நிலம் கிடையாது, பாங்கியில் பணம் கிடையாது. மிதியை அறிகிற பாதம், சரிகை அறுந்தால் காண்கிற கண், இவைதான் என் சொத்து. இந்த வியாதி என் சொத்துப் பத்திரத்தைப் படித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்திருக்கிறது.

அதற்குப் பிறகு பெரிசாக எதுவும் செய்யவில்லை. செய்ததெல்லாம் சின்னச் சின்ன அவமானங்கள்தான். அரை மணிக்கொரு தரம் மகளின் பழைய போன் அலறும், குழியிலிருந்து எழுந்து கூடத்தை ஒரு சுற்று சுற்றுவேன். ராத்திரி சாப்பிட்டதும் உட்காராமல் பதினைந்து நிமிஷம் தெருவில் நடப்பேன். படுக்கும் முன் மனைவி கண்ணாடியை என் பாதத்துக்கு அடியில் பிடித்துப் பார்ப்பாள். கல்யாணத்தில் மெட்டி போட்டபோதுகூட என் காலை யாரும் இவ்வளவு கவனித்ததில்லை, அன்று எல்லாரும் அவள் காலைத்தான் பார்த்தார்கள்.

மைதானத்தை விட்டுவிட்டேன். விடியற்காலையில் எங்கள் தெருவில் யாராவது ஒருவர் வீட்டுப் பாவு நீண்டிருக்கும். மூன்று புடவைப் பாவு என்றால் நீளம் இருபது மீட்டருக்குப் பக்கத்தில் வரும். இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்து அறுந்த இழையைப் பிணைத்துக் கொடுப்பேன். அங்கே வடை கிடையாது. நான் நடக்கிறேன் என்று யாருக்கும் தெரியாது, அதனால் எனக்கும் அலுப்புத் தெரியாது.

மாத்திரை வீட்டுக்கே வருகிறது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. அதில் வரும் தன்னார்வலர் பெண் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துவிட்டுப் போவாள். ஆரம்பத்தில் அரசாங்கம் என்னைத் தேடி வாசலுக்கு வந்தால், நான் ஆற்காட்டு மக்கன் பேடாவோடு பின்கட்டுக்குப் போய்விடுவேன். "அண்ணே, வாயத் தொடச்சிட்டு வாங்க, நான் நிக்கிறேன்" என்று அவள் சொன்ன நாளிலிருந்து நேராகவே கையை நீட்டுகிறேன்.

போன மாதம் மூன்று மாதக் கணக்கு வந்தது: 7.4. "ஏழுக்குக் கீழ வரணும். ஆனா பரவாயில்ல" என்றார் டாக்டரம்மா. எனக்கு அது முதல் வகுப்பு. வீட்டுக்கு வந்ததும் தெருவில் புதிதாகச் சர்க்கரை வந்த ஒருவருக்குத் தட்டு, பாதம், லண்டன் பஸ் என்று ஒரு மணி நேரம் உபதேசம் செய்தேன். கடைசியில், மயக்கம் வந்தால் வாயில் போட என்று எப்போதும் சட்டைப் பையில் ஐந்து மிட்டாய் வைத்திருக்க வேண்டும் என்று சொல்லி, பையிலிருந்து எடுத்தும் காட்டினேன்.

உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது.

"திங்கக்கிழம அஞ்சு வச்சேன். கையில ரெண்டுதான இருக்கு? மூணு நாள்ல எத்தன எமலிங்கம் பாத்தீங்க?"