ஒன்பது வோல்ட்

எண்பதுகளின் பிற்பாதியில் மெல்லிசைக் குழுக்களில் பேஸ் கிட்டார் வாசித்த எங்களுக்கெல்லாம் ஒரே ஆசைதான். பேட்டரி போட்ட கிட்டார் ஒன்று கைக்கு வரவேண்டும். இன்று நடுத்தர விலையில் கிடைக்கிற பல கிட்டார்களிலேயே அந்தப் பேட்டரி இருக்கிறது. கூடவே, பேட்டரியை ஒதுக்கிவிட்டு வாசிக்க ஒரு சின்ன சுவிட்சும் இருக்கிறது. அன்றைக்கு ஏங்கிய நாங்கள்தான் இன்று முதல் வேலையாக அந்த சுவிட்சைத் தட்டுகிறோம். இதைக் கிழவர்களின் பிடிவாதம் என்று இளைஞர்கள் நினைப்பதுண்டு. நாங்கள் அப்படித் தட்டுவதற்குக் காரணம் இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் குழுவில் இருந்தது கொல்கத்தாவில் செய்த நாலு தந்தி பேஸ். அதற்குள் மின்சாதனம் என்று பார்த்தால் கொஞ்சம்தான். காந்தத்தின் மேல் மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கில் சுற்றிய பிக்கப், வால்யூமுக்கு ஒரு குமிழ், டோனுக்கு ஒரு குமிழ், டோன் குமிழின் காலில் பற்றவைத்த ஒரு கெபாசிட்டர். தந்தி அதிரும்போது கம்பிச் சுருளில் சின்னதாக மின்சாரம் பிறக்கும். அதுவே கேபிள் வழியாக ஆம்ப்ளிஃபயருக்கு, அதாவது ஆம்புக்குப் போகும். நடுவில் எந்தச் சக்தியும் சேராது. இதைத்தான் பாசிவ் என்கிறோம்.

ஒருமுறை டோன் குமிழ் செத்துப்போனது. குழுவுக்கு மைக் செட் பார்த்துக்கொண்டிருந்த அண்ணன், சென்னையில் எலக்ட்ரானிக் சாமான் விற்கிற ரிச்சி தெருவுக்குப் போய் 0.047 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று வாங்கி வந்தார். புளியங்கொட்டை அளவு, பச்சை நிறம், இரண்டு கம்பிக் கால்கள். பலகையைக் கழற்றி, பழையதை ஈயம் உருக்கி எடுத்து, புதியதைப் பற்றவைத்தார். "தம்பி, இது எதையும் கூட்டாதுப்பா. மேல இருக்கிற கீச்சுச் சத்தத்தை எர்த்துக்கு இறக்கிவிடும், அவ்வளவுதான்" என்றார். பாசிவ் கிட்டாரின் டோன் குமிழைப் பற்றி அதற்குப் பிறகு நான் படித்த எதுவும் அந்த ஒரு வரிக்கு மேலே போகவில்லை. முழுக்கத் திறந்தால் உள்ளது அப்படியே வரும். மூட மூட மேலோசைகள் வடிந்துபோகும். இல்லாததைக் கொண்டுவந்து சேர்க்க அதற்குத் தெரியாது.

இதோடு கேபிள் வேறு. பாசிவ் பிக்கப்பிலிருந்து வருகிற சிக்னல் மெலிசு, அதன் இம்பீடன்ஸும் (மாறுமின்னோட்டத் தடை) அதிகம். நீளமான கேபிள் தானே ஒரு கெபாசிட்டர் போல வேலை செய்து மேலோசைகளைத் தின்றுவிடும். கோயில் கொடைகளில் மேடை ஒரு பக்கம், ஆம்ப் வைக்க இடம் கிடைப்பது இன்னொரு பக்கம். கேபிளோடு கேபிளை முடிந்து இழுப்போம். ஒலி மந்தமாகிவிடும். அதற்கு மேல் ட்யூப்லைட்டும் ஜெனரேட்டரும் சேர்ந்து கொடுக்கும் ஹம்.

மைதானத்தில் கட்டியிருந்த கூம்பு ஸ்பீக்கர்களோ பேஸுக்காகச் செய்தவையே இல்லை. நாலு தந்தி பேஸின் தடித்த தந்தி அதிர்வது சுமார் 41 ஹெர்ட்ஸில். அந்த ஆழத்துக்குக் கூம்பு ஸ்பீக்கரில் இடமே கிடையாது. ஆனாலும் கூட்டத்தின் கடைசியில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தவருக்கும் பேஸ் கேட்டது. காரணம், ஒரு ஸ்வரத்தின் அடிப்படை அதிர்வு காணாமல் போனாலும் அதன் மேலோசைகளை வைத்தே நம் காது அந்த ஸ்வரத்தைக் கட்டிக்கொள்ளும். அந்த மேலோசைகளைத் தெளிவாகக் கொடுப்பதுதான் வாசிப்பவனின் வேலை. அதைச் செய்யக் குமிழ் போதாது, வலது கைதான் செய்தது. விரலை பிரிட்ஜ் பக்கம் கொண்டுபோனால் ஒலி இறுகும், தெளிவாகும். கழுத்துப் பக்கம் வந்தால் உருண்டு திரளும். உள்ளங்கை ஓரத்தைத் தந்தியில் லேசாக வைத்துக் கட்டைவிரலால் மீட்டினால் சட்டென்று நின்றுவிடும். மூடுபனி (1980) படப் பாட்டுகளின் பேஸை கேசட்டில் ரீவைண்ட் பண்ணிப் பண்ணிக் கற்றோம். இளையராஜாவின் பாட்டுகளில் பேஸ் தாளத்துக்குத் துணைபோவதோடு நிற்காது, கீழே தனியாக ஒரு மெட்டுப் பாடிக்கொண்டு போகும். ஒரே பாட்டுக்குள் மூன்று விதமான விரல் வேண்டியிருக்கும். ஓசையின் பகுதிகளைக் கூட்டிக் குறைக்க எங்களுக்கு இருந்த ஈக்வலைசர் அந்த விரல்தான்.

இந்த நிலைமையில்தான் ஆக்டிவ் வந்து சேர்ந்தது. சிங்கப்பூர் கச்சேரிக்குப் போய்வந்த ஒரு மூத்தவர் மியூசிக் மேன் ஸ்டிங்ரே ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். ஒத்திகையில் அவர் கட்டைவிரலால் ஒரு தட்டு தட்டியதும் ட்ரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்தவர் வாசிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். கிட்டாருக்குள்ளேயே சிக்னலைத் தூக்கிவிடும் ஒரு சின்ன ப்ரீஆம்ப், அதை ஓட்ட ஒன்பது வோல்ட் பேட்டரி. கீழோசையையும் (பேஸ்) மேலோசையையும் (ட்ரெபிள்) குறைக்கலாம், கூட்டவும் செய்யலாம். ப்ரீஆம்பைத் தாண்டி வெளியே வருகிற சிக்னலின் இம்பீடன்ஸ் குறைவு என்பதால் எவ்வளவு கேபிள் இழுத்தாலும் ஒலி மந்தமாகாது. எங்கள் கஷ்டங்களுக்கெல்லாம் யாரோ உட்கார்ந்து விடை எழுதியதுபோல இருந்தது.

எழுதியவர் யார் என்பது பின்னால்தான் தெரிந்தது. 1951-ல் பிரசிஷன் பேஸையும் 1960-ல் ஜாஸ் பேஸையும் கொடுத்தவர் லியோ ஃபெண்டர். உலகம் பாசிவ் பேஸ் என்றால் நினைப்பது இந்த இரண்டையும்தான். தன் பெயரில் இருந்த கம்பெனியை 1965-ல் சி.பி.எஸ். ஒளிபரப்பு நிறுவனத்துக்கு விற்றுவிட்டு, பிற்பாடு மியூசிக் மேன் கம்பெனியில் சேர்ந்தார். 1976-ல் அங்கிருந்து ஸ்டிங்ரே வந்தது. அதற்கு முன்பே கலிஃபோர்னியாவின் அலெம்பிக் கம்பெனி ப்ரீஆம்ப் வைத்த பேஸ்களைக் கையால் செய்து கொடுத்துக்கொண்டிருந்தது. ஆனால் அவை சிலருக்கு மட்டுமே எட்டின. தொழிற்சாலையில் பெருமளவில் செய்து கடைக்கு அனுப்பிய முதல் ஆக்டிவ் பேஸ் ஸ்டிங்ரேதான். பாசிவுக்கு இலக்கணம் எழுதிய அதே மனிதர் கால் நூற்றாண்டு கழித்து ஆக்டிவுக்கும் எழுதினார். இரண்டில் எது உயர்ந்தது என்று சண்டை போடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

ஆக்டிவின் இன்னொரு முகத்தை மதுரைப் பக்கம் ஒரு கல்யாண ரிசப்ஷனில் பார்த்தேன். வேறொரு குழு வாசித்தது, நான் விருந்தாளி. பேஸ் வாசித்தவரிடம் பாசிவ் சுவிட்ச் இல்லாத ஆக்டிவ் கிட்டார். மத்தியானம் சவுண்ட் செக் முடிந்ததிலிருந்து கேபிள் அதிலேயே செருகிக் கிடந்தது. ஆக்டிவ் கிட்டாரில் தனியாக ஆன் - ஆஃப் கிடையாது. கேபிளைச் செருகினால் ஜாக்கின் ஒரு முனை பேட்டரியை இணைக்கும், பிடுங்கினால் துண்டிக்கும். ஏற்கெனவே பழசான பேட்டரி சாயங்காலம் வரை சும்மாவே கரைந்துகொண்டிருந்தது. நாலாவது பாட்டில் பலமாக வாசித்த ஸ்வரங்கள் மட்டும் உடைந்தன. மெதுவாக வாசித்தவை சரியாகத்தான் வந்தன. பேட்டரி இறங்குகிறது என்பதற்கு அதுதான் முதல் அடையாளம். அடுத்த பாட்டில் ஒலி சுருங்கியது, அதற்கடுத்து ஒன்றுமே வரவில்லை. மாப்பிள்ளை வீட்டார் கேபிளைக் குறை சொன்னார்கள், மைக் செட்காரர் ஆம்பை முறைத்தார். கடைசியில் மிமிக்ரி கலைஞரின் கார்ட்லெஸ் மைக்கைத் திறந்து அதிலிருந்த ஒன்பது வோல்ட் பேட்டரியை எடுத்தார்கள். பேஸ் வாசித்தவர் அதன் இரண்டு முனைகளையும் நுனிநாக்கில் வைத்துப் பார்த்தார். சுரீரென்று இழுத்தது. "இருக்கு" என்று தலையாட்டிவிட்டு மாட்டினார், கச்சேரி தொடர்ந்தது. மிமிக்ரிக்காரர் அன்றைக்கு வயர் மைக்கில்தான் பேசினார்.

கம்பெனிகள் ஆக்டிவ் - பாசிவ் சுவிட்சை வைக்கத் தொடங்கியது இந்த மாதிரி இரவுகளுக்காகத்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். பேட்டரி போனால் பாசிவுக்குத் தாவலாம் என்பது உண்மைதான். ஆனால் அதை அவசர வழியாக மட்டும் பார்ப்பது பாசிவுக்குச் செய்கிற அநியாயம்.

இப்போது எங்கள் குழுவில் பேஸ் வாசிக்கும் பையன் நல்ல கைக்காரன். ஐந்து தந்தி, மூன்று குமிழ் ஈக்வலைசர், சுவிட்ச் எல்லாம் உள்ள கிட்டார். தனியாக வாசிக்கும்போது பேஸையும் ட்ரெபிளையும் தூக்கி, நடு ஓசையான மிட்டை இறக்கி வைப்பான். அறையே அதிரும். ஆனால் குழு முழுவதும் வாசிக்கத் தொடங்கியதும் ஆளையே காணோம். கீபோர்டின் இடது கையும் ரிதம் பேடின் கிக்கும் கீழே இருந்த இடத்தை எடுத்துக்கொண்டன, மேலே சிம்பல் உட்கார்ந்துவிட்டது. எந்த ஸ்வரம் என்று காதுக்குச் சொல்லுகிற சில நூறு ஹெர்ட்ஸ் பகுதியை அவனே வெட்டியிருந்தான்.

"தம்பி, அந்த சுவிட்சை பாசிவ்ல போடு" என்றேன்.

போட்டான். "சத்தமே கொறைஞ்சு போச்சே மாஸ்டர்?"

"கொறையும். ஆம்பைக் கொஞ்சம் ஏத்து. ரெண்டையும் ஒரே அளவு சத்தத்துக்குக் கொண்டுவந்துட்டு அப்புறம் கேளு."

இது முக்கியம். ப்ரீஆம்ப் தூக்கிவிடுவதால் பல கிட்டார்களில் ஆக்டிவ் சத்தம் கூடுதலாக இருக்கும். நம் காது சத்தமாக இருப்பதையே நல்ல ஒலி என்று நம்பிவிடும். கடையில் சுவிட்சை இப்படியும் அப்படியும் தட்டிப் பார்த்து ஆக்டிவ்தான் பிரமாதம் என்று முடிவு செய்கிறவர்களில் பாதிப்பேர் கேட்பது வால்யூமைத்தான். சத்தத்தைச் சமப்படுத்தியதும் அவன் முகம் மாறியது. பாட்டுக்குள் பேஸ் எங்கே போகிறது என்பது எல்லாருக்கும் கேட்டது. அதோடு அவன் விரல் பிரிட்ஜிலிருந்து கழுத்துக்கு நகர்வதும் முதல்முறையாகக் கேட்டது. ஈக்வலைசரை ஏற்றி இறக்கிய வரையில் அந்த வித்தியாசம் அதற்கடியில் புதைந்து கிடந்தது.

டெட்ராய்ட்டில் மோடவுன் பாட்டுகளுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனை அவனுக்குக் கேட்கக் கொடுத்தேன். 1962 பிரசிஷன் பேஸ், பேட்டரி கிடையாது, அறுந்தாலொழிய மாற்றாத பழைய ஃப்ளாட்வவுண்ட் (தட்டைக் கம்பி சுற்றிய) தந்திகள், வலது கையில் ஒரே ஒரு ஆள்காட்டி விரல், நேராக ஸ்டுடியோ கன்சோலுக்குள் கேபிள். கார் ரேடியோவின் சின்ன ஸ்பீக்கரிலும் அவர் பேஸ் தனியாகக் கேட்கும்.

ஆக்டிவை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொன்னால் அது பொய். ஐந்தாவது தந்தி சுமார் 31 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அங்கே ஒலி குழையாமல் நிற்க நல்ல ப்ரீஆம்ப் கைகொடுக்கும். கட்டைவிரலால் தட்டி வாசிக்கிற பாட்டுக்கு அந்தப் பளபளப்பு வேண்டும். நீளக் கேபிளுக்கு இன்றும் அதுதான் மருந்து. பேஸ் கலைஞர் மார்கஸ் மில்லர் தன்னுடைய 1977 ஜாஸ் பேஸுக்குள் கிட்டார் செய்கிற ரோஜர் சடோவ்ஸ்கியிடம் ப்ரீஆம்ப் வைத்து வாங்கிய ஒலிதான் எண்பதுகளின் எத்தனையோ ரெக்கார்டிங்குகளின் ஒலி. அவர் பெயரில் இன்று சயர் கம்பெனி விற்கிற பல கிட்டார்களில் பாசிவ் சுவிட்சும் இருக்கிறது.

என் அனுபவத்தில் ஆக்டிவ் குமிழ்களின் பெரிய உபயோகம் குறைப்பதில்தான். கிரானைட் தரையும் கண்ணாடிச் சுவரும் உள்ள கல்யாண மண்டபங்களில் பேஸ் எதிரொலித்துக் குழம்பும். அங்கே பேஸ் குமிழைக் கொஞ்சம் இறக்கி, மிட்டைக் கொஞ்சம் ஏற்றினால் பாட்டு உடனே தெளியும். கூட்டத்தான் அந்தக் குமிழ் என்று எங்கள் தலைமுறை அன்று ஏங்கியது. இன்று நான் அதைத் தொடுவது பெரும்பாலும் இறக்குவதற்காகத்தான்.

கிட்டார் வாங்கப் போகிறவர்கள் இதைக் கவனியுங்கள். சுவிட்ச் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு வாசித்துப் பாருங்கள். ப்ரீஆம்பை முழுவதுமாகத் தாண்டிப் போகிற கிட்டாரில்தான் அப்போதும் சத்தம் வரும். பாசிவில் டோன் குமிழ் வேலை செய்கிறதா என்றும் பாருங்கள். சிலவற்றில் பிக்கப்பே ஆக்டிவாக இருக்கும். அவற்றுக்குப் பேட்டரி இல்லாமல் குரலே கிடையாது. இன்னொன்று, பல கிட்டார்களில் பாசிவில் வாசித்தாலும் கேபிள் செருகியிருக்கும் வரை பேட்டரி கரைந்துகொண்டேதான் இருக்கும். வீட்டில் தினசரிப் பயிற்சியைப் பாசிவில் செய்யுங்கள். குமிழ்களை மண்டபத்தைக் கேட்ட பிறகு தொடுங்கள். வாசித்து முடித்ததும் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள், பையில் ஒரு புதுப் பேட்டரி எப்போதும் இருக்கட்டும்.