சத்தமில்லாத ஜெனரேட்டர்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

"தங்குகிற டிரெய்லரைக் கொண்டுபோய்க் காட்டுக்குள் நிறுத்தினால் கரண்டுக்கு என்னடா செய்வீர்கள்?" என்று போனில் கேட்டீர்கள். கல்யாண வீடுகளுக்கு மைக் செட்டும் ஜெனரேட்டரும் வாடகைக்கு விடுகிறவருக்கு ஒரு வரியில் பதில் சொன்னால் எடுபடாது. அதனால்தான் இந்தக் கடிதம்.

வீட்டில் கரண்ட் போகாமலே இருப்பது அலுத்துப்போய், கரண்டே இல்லாத இடத்துக்குக் காசு கட்டிப் போகிற ஊர் இது. போகும்போது ஜெனரேட்டரையும் தூக்கிக்கொள்வார்கள். நாங்கள் போனது கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி பூங்காவில், 8,600 அடி உயரத்தில். அங்கே பிளக் பாயிண்ட் என்ற பேச்சே கிடையாது.

பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெய்க்கு மாற்றுவீர்களே, அந்தச் சத்தம் நாலு தெருவுக்குக் கேட்டால்தான் நமக்குக் கல்யாணக் களை. இங்கே சத்தம் குறையக் குறைய விலை ஏறும். 50 அடி தள்ளி நின்று அளந்தால் 60 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று தேசியப் பூங்காக்களில் விதியே இருக்கிறது. ஆகவே எல்லோரும் இன்வெர்ட்டர் ரகம்தான். இந்த ஊர் சாதா ஜெனரேட்டர் ஒற்றை பல்பு எரிந்தாலும் நிமிஷத்துக்கு 3,600 சுற்று சுற்றியே தீரும். இன்வெர்ட்டர் ரகமோ லோடுக்குத் தக்கபடி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நான் வாங்கிய ஹோண்டா தொடர்ந்து 1,800 வாட் தரும். எடை 21 கிலோ. கைப்பிடி ஒன்றுதான். மறு கை, இடுப்பைப் பிடித்துக்கொள்ள.

"டிரெய்லர் ஏசி இழுக்குமா?" என்பீர்கள். கம்ப்ரஸர் கிளம்பும்போது ஒரு இழுப்பு இழுக்குமே, அதற்கு இது போதாது. சாஃப்ட் ஸ்டார்ட்டர் மாட்ட வேண்டும், அல்லது இதே மாதிரி இன்னொன்று வாங்கி இரண்டையும் ஒயரில் இணைக்க வேண்டும். மலையில் ராத்திரி ஸ்வெட்டரோடு படுக்கிறவனுக்கு ஏசி எதற்கு? ஒன்றோடு நிறுத்திக்கொண்டேன். உயரம் ஏற ஏறக் காற்று மெலிந்து, ஆயிரம் அடிக்குச் சுமார் 3.5 சதவீதம் சக்தி குறையும். அந்தக் கணக்கில் மேலே 1,250 வாட்தான் மிச்சம். 1,000 வாட் என்று எழுதியிருக்கும் மைக்ரோவேவ் நிஜத்தில் 1,500 வரை கேட்கும். அதை மூடியே வைத்தோம்.

இயக்குவதற்கும் நேரம் குறித்திருக்கிறார்கள்: காலை 7 முதல் 9, பகல் 12 முதல் 2, மாலை 5 முதல் 7. மீதியெல்லாம் ராகுகாலம். உங்கள் மருமகள் தேங்காய், பொட்டுக்கடலை, பச்சை மிளகாய் எல்லாவற்றையும் ஜாரில் அடைத்துக்கொண்டு 6.55-க்கே கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றாள். ஏழு அடித்ததும் கயிற்றை இழுத்தேன். ஜெனரேட்டர் முனகியது. 110 வோல்ட் மிக்ஸியைப் போட்டாள் பாருங்கள், பக்கத்து டிரெய்லர் பெரியவர் கம்பளியோடு எழுந்து வந்து, "என்ன பிராண்ட் ஜெனரேட்டர்? இப்படிக் கத்துகிறதே?" என்றார். டெசிபல் விதி எழுதியவர்கள் தேங்காய்ச் சட்னியை யோசிக்கவில்லை. ஒரு தோசை கொடுத்ததும் அவர் அடுத்த கேள்வி கேட்கவில்லை.

மாலை ஓட்டம்தான் முக்கியம். ஹீட்டர் எரிவது கேஸில் என்றாலும் அதன் ஃபேனை விடிய விடியச் சுற்றவைப்பது 12 வோல்ட் பேட்டரி. ஏழு மணிக்குள் அதற்குச் சார்ஜ் ஏற்றியாக வேண்டும். இன்னொன்று, குளிருகிறதே என்று ஜெனரேட்டரை ஜன்னலோரம் வைக்கவே கூடாது. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். 20 அடி தள்ளி, புகைக்குழாய் நம் பக்கமும் பெரியவர் பக்கமும் பார்க்காமல் வைத்தேன். திருட்டுக்குப் பயந்து சங்கிலியும் பூட்டும் வேறு.

உங்களுக்கு ஒன்று வாங்கி வரச் சொன்னீர்கள். இது 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். உங்கள் சீரியல் செட்டுக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் ஒத்துவராது. ஒத்துவந்தாலும், பந்தலுக்குப் பின்னால் இது ஓடுவதே யாருக்கும் கேட்காது. ஜெனரேட்டர் ஓடவே இல்லை என்று பெண் வீட்டார் வாடகையைக் குறைப்பார்கள்.

சித்திக்கு என் வணக்கம். முழங்கால் வலிக்கு டாக்டர் என்ன சொன்னார் என்று எழுதவும்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்