புள்ளி மயங்கியல்: ஸ்கேனர் படலம்

தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தின் எட்டாம் இயலுக்குப் புள்ளி மயங்கியல் என்று பெயர். மெய்யெழுத்தில் முடியும் சொல் அடுத்த சொல்லோடு சேர்ந்தால் என்னாகும் என்று அது பேசும். மெய்யெழுத்து ஸ்கேனருக்குள் போனால் என்னாகும் என்பது அதில் விடுபட்டுப்போயிற்று. அக்குறையை நீக்குவதே இவ்வாய்வின் நோக்கம்.

ஆய்வுக்கூடம், எங்கள் தெரு ஜெராக்ஸ் கடை. மூலபாடம், தாத்தா எழுதி வாங்கிய 1962-ஆம் ஆண்டுக் கிரயப் பத்திரம். மடிப்பெல்லாம் பழுப்பு, நடுவே மங்கிய ஊதா முத்திரை.

"பிளாக் அண்ட் ஒயிட்டா, கலரா சார்?" என்றான் கடைத் தம்பி.

பாடபேதம் பிறக்கும் இடம் இதுவே. கறுப்பு-வெள்ளையில் இயந்திரத்துக்குச் சாம்பல் நிறம் தெரியாது. ஓர் அளவு வைத்து, அதைவிட வெளுத்ததெல்லாம் வெள்ளை, மற்றதெல்லாம் கறுப்பு என்று தீர்ப்பெழுதிவிடும். முத்திரை வெள்ளையாகி ஒழிந்தது. மடிப்பு கறுத்து நிலத்துக்குப் புதிய எல்லைக்கோடாயிற்று. பிரைட்னஸைக் குறைத்தான். முத்திரை எட்டிப் பார்த்தது, பின்பக்க எழுத்தையும் கூட்டிக்கொண்டு. (தாளுக்குப் பின்னால் கறுப்பு அட்டை வைத்தால் அது அடங்கும். கடையில் அட்டை இல்லை.)

டிபிஐ என்பதும் புள்ளிக் கணக்குத்தான், அங்குலத்துக்கு இத்தனை என்று. மெய்யின் தலைப்புள்ளி அரை மில்லிமீட்டர் இருந்தாலே பெரிது. 100 வைத்தால் அதன் குறுக்கே ஒன்றிரண்டு புள்ளி விழும்; 'பத்திரம்' 'பததிரம' ஆகும். 300 வைத்தால் ஐந்தாறு விழும், பிழைத்துக்கொள்ளும். அப்போது ஏ4 தாளுக்கு 87 லட்சம் புள்ளி. 600 வைத்தால் இரு மடங்கு என்பார் ஏமாறுவர்: நீளமும் அகலமும் சேர்ந்து பெருகுவதால் நான்கு மடங்கு.

ஓலையில் எழுதியவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஓலை பொத்துவிடும் என்று அவர்கள் புள்ளியே வைப்பதில்லை. கீறிய எழுத்து கண்ணுக்குத் தெரிய விளக்குக் கரியும் இலைச்சாறும் தேய்த்தார்கள். காண்ட்ராஸ்டைக் கண்டுபிடித்தவன் தமிழன் என்று வாட்ஸப்பில் அனுப்ப இவ்வளவு போதும்.

கூடவே கொண்டுபோன பாட்டி போட்டோவுக்கு விதி வேறு. கறுப்பு-வெள்ளைப் படமாயிற்றே என்று கறுப்பு-வெள்ளையில் எடுத்தால் கன்னமும் மூக்குத்தியும் ஒரே வெளுப்பாகிவிடும். கிரேஸ்கேலில் எடுக்கவேண்டும், பழுப்பும் வேண்டுமென்றால் கலர்.

கடைசியில் பத்திரத்தையும் கலரில் 300-இல் எடுத்தோம். முத்திரை துலங்கியது, புள்ளிகள் தலைமேல் நின்றன. ஒன்று மட்டும் அதிகம். தாத்தா பத்திரத்தில் "பல வகை மரங்களும்" என்றிருக்கும். பிரதியில் "பல் வகை மரங்களும்" என்றிருந்தது. கண்ணாடியில் ஒரு தூசு. அறுபது வருஷமாகப் பத்திர எழுத்தர் நடையில் கிடந்ததை அது ஒரு நொடியில் செந்தமிழாக்கிவிட்டது.

தம்பி தோள் துண்டால் கண்ணாடியைத் துடைத்து மறுபடி எடுத்தான். "பல" திரும்பி வந்தது. பிரதி கேட்ட ஆபீசுக்கு அதைக் கொடுத்துவிட்டு, முந்தைய பிரதியை எனக்கென்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.