மனச்சாட்சிக்கு ஒரு நீள்வட்டம்

ஈராக் போர் விஷயத்தில் மிச்சிகன் டெமாக்ரட்டுகளான எங்களுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. 2002 அக்டோபரில் புஷ்ஷுக்குப் போர் அதிகாரம் கொடுக்கும் தீர்மானம் செனட்டில் 77க்கு 23 என்று நிறைவேறியது. எதிர்த்த அந்த 23 பேரில் எங்கள் மாநிலத்து செனட்டர்கள் கார்ல் லெவின், டெபி ஸ்டாபனோ இருவருமே உண்டு. கட்சியின் பெரிய தலைகளான ஜான் கெர்ரி, ஹிலரி கிளிண்டன், ஜோ பைடன் எல்லாரும் ஆதரித்த பக்கம். எங்கள் ஊரில் கட்சி விசுவாசமும் மனச்சாட்சியும் ஒரே காரில் போய் இறங்கலாம். மற்ற மாநிலத்துக்காரர்களுக்குத்தான் இரண்டு கார் தேவைப்படும் என்று பேசிக்கொள்வோம்.

2004இல் எங்களுக்கும் சோதனை வந்தது. புதிதாகக் குடியுரிமை வாங்கி, ஓட்டுப் போடத் துடித்துக்கொண்டிருந்த எனக்கும் மனைவிக்கும், கேன்டன் பகுதியில் எங்களைச் சுற்றியிருந்த தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றுக்கும் பிடித்த வேட்பாளர் ஹோவர்ட் டீன். வெர்மான்ட்டின் முன்னாள் கவர்னர், டாக்டர், போரை ஆரம்பத்திலிருந்தே எதிர்த்தவர். ஜனவரியில் அயோவாவில் அவர் மூன்றாவதாக வந்தார். அன்றிரவு மேடையில் அவர் போட்ட ஒரு கூச்சலைத் தொலைக்காட்சிகள் ஓயாமல் திருப்பித் திருப்பிப் போட்டன. அத்தோடு ஆள் காணாமல் போனார். மிச்சிகனின் முறை பிப்ரவரி 7. இணையத்திலேயே ஓட்டுப் போடலாம் என்று கட்சி அந்த ஆண்டு வசதி செய்திருந்தது. போரை எதிர்க்கும் எங்கள் கூட்டம் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, போருக்குக் கை தூக்கிய கெர்ரியைத் தேர்ந்தெடுத்தது. ஜெயிக்கிற குதிரை என்று காரணம் சொன்னோம். நவம்பரில் குதிரை ஜெயிக்கவில்லை.

கெர்ரி மோசமான மனிதர் இல்லை. வியட்நாமில் சண்டை போட்டுத் திரும்பி, 1971இல் செனட் வெளியுறவுக் குழுவின் முன்னால் உட்கார்ந்து அந்தப் போரையே கண்டித்தவர். 2002இல் அவரே ஆதரவு வாக்குப் போட்டார். பிறகு 8,700 கோடி டாலர் போர்ச் செலவு மசோதாவுக்கு ஒரு வடிவத்தில் ஆதரவு, இன்னொரு வடிவத்தில் எதிர்ப்பு என்று வாக்களித்து, அதை மேடையில் விளக்கப்போய் மாட்டிக்கொண்டார். அக்டோபரில் நாங்கள் வீடு வீடாகப் போனபோது ஒரு வீட்டில் கதவைத் திறந்த அம்மாள், மகன் ராணுவத்தில் இருப்பதாகச் சொல்லிவிட்டு, “உங்க ஆளு போர் வேணும்ங்கறாரா, வேண்டாம்ங்கறாரா?” என்று கேட்டார். அதற்கான விடை எங்கள் கையில் கட்சி கொடுத்திருந்த தாளில் ஒரு பத்தி நீளத்துக்கு இருந்தது. பாதி படிப்பதற்குள் நன்றி சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார். மரியாதையாகத்தான் சாத்தினார்.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். எங்கள் வீட்டில் அவருக்கு ‘வாத்தியார்’ என்று பெயர். 1968இல் அவருக்கு 22 வயது, முதல் ஓட்டு. வியட்நாம் போரை எதிர்த்த யூஜீன் மெக்கார்த்திக்காக ஊர் ஊராய் அலைந்தவர். கட்சியோ ஜான்சனின் துணை அதிபர் ஹம்ஃப்ரியை நிறுத்தியது. வாத்தியார் கோபத்தில் அதிபர் இடத்தை வெற்றிடமாக விட்டுவிட்டு வந்தார். நிக்சன் நாடு முழுவதும் சேர்த்துச் சுமார் 5 லட்சம் வாக்குகளில் ஜெயித்தார். “மிச்சிகன்ல ஹம்ஃப்ரிதான் ஜெயிச்சார். என் வெற்றிடம் யாரையும் தோற்கடிக்கல” என்று இன்றைக்கும் கணக்குக் காட்டுவார். அடுத்த மூச்சிலேயே, நிக்சன் வந்தபிறகு செத்த அமெரிக்க சிப்பாய்கள் 20,000க்கு மேல் என்பார். வியட்நாமியர்களை எந்தக் கணக்கில் எழுதுவது என்று கேட்டால் புல் வெட்டப் போய்விடுவார்.

நாங்கள் நன்றாகத் தேறியது 2008இல். ஈராக் போரை 2002 அக்டோபரிலேயே சிகாகோ கூட்டத்தில் எதிர்த்துப் பேசிய ஒபாமா ஒரு பக்கம். போட்ட வாக்கு தவறு என்று சொல்ல மறுத்த ஹிலரி மறுபக்கம். இதைவிடத் தெளிவான தேர்வு முற்போக்காளனுக்கு வாழ்நாளில் ஒருமுறைதான் வாய்க்கும். மிச்சிகனில் மட்டும் ஒரு சிக்கல். கட்சி விதியை மீறி எங்கள் மாநிலம் பிரைமரியை ஜனவரி 15க்கு முன்னே இழுத்துவிட்டது. ஒபாமா, எட்வர்ட்ஸ், பைடன் எல்லாரும் பெயரை வாபஸ் வாங்கிக்கொண்டார்கள். ஹிலரி வாங்கவில்லை. வாக்குச்சீட்டில் ஒபாமா இல்லை. பெயரை எழுதிப் போட்டால் எண்ணமாட்டார்கள்.

அப்போதுதான் அன்கமிட்டெட் என்ற நீள்வட்டத்தைக் கண்டுபிடித்தோம். இருக்கிற வேட்பாளர் யாரையும் ஏற்கவில்லை என்று பதிவு செய்ய மிச்சிகன் வாக்குச்சீட்டில் உள்ள இடம் அது. அந்த ஜனவரி முழுக்கச் சாப்பாட்டு மேஜையில் பட்டியலை விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன்: “பேரை எழுதிடாதீங்க, செல்லாமப் போயிடும். அன்கமிட்டெட்னு இருக்கும் பாருங்க, அதைக் கறுப்புப் பேனாவால முழுசா நிரப்புங்க. கட்சிக்குப் புத்தி வரணும்.” ஹிலரிக்கு 55 சதவீதம். பெயரில்லாத அந்த நீள்வட்டத்துக்கு 40 சதவீதம், சுமார் 2,38,000 வாக்குகள். அந்த 40 சதவீதத்தில் பலர் ஒபாமாவின் குரலுக்காகவும் சிரிப்புக்காகவும் போட்டிருப்பார்கள். நாங்கள் மொத்தத்தையும் ஈராக் கணக்கில் வரவு வைத்துக்கொண்டோம். கட்சித் துரோகம் என்ற சொல் எங்கள் வட்டாரத்தில் யார் வாயிலும் வரவில்லை.

ஒபாமா ஜெயித்தார். ஈராக்குக்குக் கை தூக்கிய பைடனைத் துணை அதிபராக ஏற்கெனவே சேர்த்திருந்தார். ஈராக்குக்குக் கை தூக்கிய ஹிலரியை வெளியுறவு அமைச்சராக்கினார். புஷ்ஷின் பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸ் அதே நாற்காலியில் தொடர்ந்தார். அனுபவசாலிகள் என்று கைதட்டினோம். 2009 டிசம்பர் 1 அன்று ஆப்கானிஸ்தானுக்கு இன்னும் 30,000 படையினர் என்று அறிவித்தார். 10ஆம் தேதி ஆஸ்லோவில் அமைதிக்கான நோபல் பரிசை வாங்கினார். அதற்கும் தட்டினோம். வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் மெழுகுவர்த்தியோடு முனையில் நின்ற எங்கள் போர் எதிர்ப்புக் கூட்டம் 2005இல் நடைபாதையை அடைத்துக்கொண்டு நிற்கும். 2010இல் வாத்தியாரும் அவருடைய நாயும் நின்றார்கள். இது எங்கள் முனையில் மட்டும் நடந்ததில்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்து அரசியல் ஆய்வாளர் மைக்கேல் ஹீனியும் அவருடைய சகா ஃபேபியோ ரோஹாஸும் நாடு முழுக்கப் போர் எதிர்ப்பு ஊர்வலங்களில் புகுந்து ஆட்களிடம் கேள்வித்தாள் கொடுத்துக் கணக்கெடுத்து, 2015இல் புத்தகமாகவே போட்டார்கள். போர் நிற்கவில்லை, தங்கள் கட்சி ஆட்சிக்கு வந்ததும் டெமாக்ரட்டுகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள் என்பது அதன் சாரம்.

நடுவில் ஊர்ப் பக்கம் ஒரு சம்பவம். 2009 மே மாதம், முள்ளிவாய்க்காலில் குண்டு விழுந்துகொண்டிருக்கிறது. தமிழ்நாட்டில் மக்களவைத் தேர்தல். தஞ்சாவூரில் இருந்த என் மாமா அந்தக் காலத்து தி.மு.க. உடன்பிறப்பு. அவரைக் கூப்பிட்டு, இந்த ஒரு தடவை கட்சியைப் பார்க்காதீர்கள், காங்கிரஸ் கூட்டணிக்குப் போடாதீர்கள் என்று அமெரிக்காவிலிருந்து நீதி சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். “ஏன் மாப்ளே, உன் ஆளு ஆப்கானிஸ்தானுக்கு இன்னும் படை அனுப்புவேன்னு சொல்லித்தானே ஓட்டு கேட்டாரு? நீ அப்ப எதைப் பாத்துப் போட்ட?” என்றார். சர்வதேச அழைப்புக்கு நிமிஷக் கணக்கில் காசு என்பதால் பேச்சை முடித்துக்கொண்டேன். மாமாவின் கூட்டணி 39இல் 27 இடங்களைப் பிடித்தது. மே 16 அன்று முடிவு வந்தது. இரண்டு மூன்று நாளில் முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்துபோயிருந்தது. மாமாவும் நானும் அதன்பிறகு மழையைப் பற்றி மட்டும் பேசினோம்.

இனி 2024. இப்போது தபாலிலேயே வாக்குச்சீட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறது. மூன்று உறைகள், அதே மேஜை. டெமாக்ரட் சீட்டில் பைடன், இரண்டு சில்லறை வேட்பாளர்கள், அப்புறம் நம்ம பழைய நீள்வட்டம். காஸாவில் பைடனின் போக்கைக் கண்டிக்க அதை நிரப்புங்கள் என்று டியர்பார்னில் தொடங்கிய பிரசாரம் எங்கள் மகளையும் பிடித்துக்கொண்டது. அவளோடு வேலை பார்க்கிற டியர்பார்ன் பெண்ணின் சித்தப்பா குடும்பம் காஸாவில் இருந்தது. காலையில் வேலைக்கு வந்ததும் அந்தப் பெண்ணிடம் எல்லாரும் முதலில் கேட்பது, ராத்திரி அங்கிருந்து ஃபோன் வந்ததா என்பதுதான்.

என் மனைவி பேனாவை நீட்டவில்லை. “டிரம்ப் வந்துடுவான்டி.”

“இது பிரைமரிம்மா. பைடன்தான் ஜெயிப்பார்.”

“கட்சிக்குன்னு ஒரு விசுவாசம் வேண்டாமா?”

“அப்பா 2008ல இதே மேஜைல உக்காந்து ஃபோன்ல என்ன சொன்னார்னு நான் சொல்லட்டுமா? கட்சிக்குப் புத்தி வரணும்னார். நான் பக்கத்துல உக்காந்து மூணாங்கிளாஸ் ஹோம்வொர்க் பண்ணிட்டிருந்தேன்.”

நான் பேப்பரை விரித்துக்கொண்டேன். அவளே பேனாவை எடுத்து நிதானமாக, ஓரம் தப்பாமல் நிரப்பி, ரகசிய உறையில் செருகினாள்.

பிரசாரக்காரர்கள் 10,000 வாக்கு கிடைத்தால் போதும் என்றார்கள். 2016இல் டிரம்ப் மிச்சிகனை ஜெயித்த வித்தியாசம் அவ்வளவுதான். பிப்ரவரி 27 அன்று 1,01,000க்கு மேல் வந்தது, 13 சதவீதம். எங்கள் வாட்ஸப் குழுவில் தீப்பற்றியது. 2008இல் என்னிடம் ஃபோனில் நீள்வட்டத்தின் இடத்தைக் கேட்டுக் குறித்துக்கொண்ட நண்பர் ஒருவர், ஆடிட்டர், ‘கட்சித் துரோகம்’ என்று பெரிய எழுத்தில் எழுதினார். வாத்தியாரிடம் கேட்டேன். அவரும் அன்கமிட்டெட்தான். “நவம்பர்ல ஒழுங்காப் போட்டுடுவேன். பிப்ரவரி எனக்கு” என்றார்.

ஜூலையில் பைடன் விலகிக் கமலா ஹாரிஸ் வந்ததும் எங்கள் வீட்டு அரசியல் வேறு தளத்துக்குப் போனது. என் மனைவிக்கு ஊர் மன்னார்குடி. கமலாவின் தாத்தா ஊரான துளசேந்திரபுரம் கூப்பிடு தூரம். தர்மசாஸ்தா கோவிலில் நன்கொடையாளர் கல்வெட்டில் கமலா பெயர் இருக்கிறது, அவர் பெயரில் ஐயாயிரம் ரூபாய் கொடுக்கப்பட்டிருக்கிறது என்பதையெல்லாம் அமெரிக்க அயலாருக்கும் விளக்கினாள். “நம்ம பக்கத்து ஊருப் பொண்ணு” என்பதில் வெளியுறவுக் கொள்கை முடிந்தது. “பக்கத்து ஊருன்னா குண்டு அனுப்பலாமாம்மா?” என்று மகள் கேட்டதற்கு, “முதல்ல ஜெயிக்கட்டும், அப்புறம் கேக்கலாம்” என்றாள். கெர்ரிக்காக நாங்கள் சொன்ன அதே வாக்கியம்.

ஆகஸ்டில் சிகாகோ மாநாட்டில் பாலஸ்தீன வம்சாவளிப் பேச்சாளர் ஒருவருக்குச் சில நிமிஷம் கேட்டுக் கிடைக்காமல், அன்கமிட்டெட் பிரதிநிதிகள் அரங்கத்துக்கு வெளியே தரையில் உட்கார்ந்தார்கள். 1968இல் சிகாகோவில் நடந்ததோடு ஒப்பிட்டால் இது ரொம்ப நாகரிகம் என்றார் வாத்தியார். யாரையும் தடியால் அடிக்கவில்லையாம்.

மனைவியை நிஜமாக ஆட்டியது அது இல்லை. செப்டம்பரில் டிக் செனி, ஈராக் போரின் மூளை என்று நாங்கள் திட்டித் தீர்த்த அதே செனி, கமலாவுக்குத்தான் என் ஓட்டு என்று அறிவித்தார். அக்டோபரில் அவர் மகள் லிஸ் எங்கள் பக்கத்து மாவட்டத்துக்கே வந்து கமலாவோடு மேடையில் உட்கார்ந்தார். “2003ல செனியைப் பேயா வரைஞ்ச போர்டு இன்னும் கராஜ்ல இருக்குங்க” என்றாள் மனைவி. இரண்டு நாள் பேச்சில்லை. மூன்றாம் நாள் வாக்குச்சீட்டைத் திறந்து, ஜனநாயகம், கருக்கலைப்பு உரிமை, துளசேந்திரபுரம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கமலாவுக்கு நிரப்பினாள். மகளும் கமலாவுக்குத்தான் போட்டாள், முகத்தைச் சுளித்துக்கொண்டு. வாத்தியார் சொன்னபடி செய்தார்.

மிச்சிகன் போயிற்று, சுமார் 80,000 வாக்கில். டியர்பார்னில் டிரம்புக்கு 42 சதவீதம், கமலாவுக்கு 36, ஜில் ஸ்டைனுக்கு 18. ஆடிட்டர் நண்பர் எக்செல் போட்டார்: 1,01,000 பெரிதா, 80,000 பெரிதா? எக்செல்லில் என் மகளும் ஒரு துரோகி. எனக்குத் தெரிந்த கணக்கு வேறு. ஊசலாடும் ஏழு மாநிலங்களும் போயின. அரிசோனாவில் டியர்பார்ன் கிடையாது. காஸாவுக்காகக் கமலாவைத் தண்டித்தவர்கள், 2025 பிப்ரவரியில் அமெரிக்காவே காஸாவை எடுத்துக்கொள்ளும் என்று டிரம்ப் சொன்னதைக் கேட்டு என்ன நினைத்தார்கள் என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் ஜெயித்த வருஷத்து 2,38,000 வாக்குகள் அந்த எக்செல்லில் எந்த நெடுவரிசையிலும் இல்லை.

2025 ஜூலை கடைசியில் இஸ்ரேலுக்கான ஆயுத விற்பனை ஒன்றைத் தடுக்க பெர்னி சாண்டர்ஸ் கொண்டுவந்த தீர்மானத்துக்கு 27 செனட்டர்கள் ஆதரவு தந்தார்கள். கட்சியின் செனட்டர்களில் பாதிக்கு மேல். தீர்மானம் தோற்றது, ஆனால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. இலையுதிர் காலத்து பாட்லக்கில் ஆடிட்டர் நண்பர் தட்டில் புளியோதரையோடு வந்து உட்கார்ந்து, காஸா விஷயத்தில் கட்சி தவறு செய்துவிட்டது என்று விரிவாகப் பேசினார். அடுத்த ஆகஸ்டில் வரும் செனட் பிரைமரியில் இதை வைத்துத்தான் ஓட்டுப் போடப்போவதாகவும் சொன்னார். ஈராக்கிலும் இப்படித்தான். 2008 வாக்கில் அந்தப் போரை ஆதரித்த ஓர் ஆளைக்கூட எங்கள் வட்டாரத்தில் பார்க்க முடியாமல் போனது.

“நான் அப்பவே சொன்னேன்” என்று முடித்தார்.

“எப்பண்ணா?” என்றாள் என் மனைவி.

அவர் எங்கள் மகளைப் பார்த்தார். மகள் ஃபோனை எடுத்து வாட்ஸப் குழுவில் பிப்ரவரி 2024ஐத் தேடிக்கொண்டிருந்தாள். அவர் எழுந்து, அப்பளம் இருக்கிறதா என்று பார்க்கப் போனார்.