பெலிசாரியஸ் மாவு மில்

கி.பி. 537. ரோம் நகருக்குள் தளபதி பெலிசாரியஸ் மாட்டிக்கொண்டிருந்தார். வெளியே கோத் மன்னர் விட்டிகிஸ் முற்றுகை. வாளை எடுப்பதைவிட அடுப்பில் கைவைப்பது சுலபம் என்று யாரோ அவருக்கு ஓதியிருக்க வேண்டும். ஊருக்குத் தண்ணீர் வந்த கால்வாய்களை உடைத்துவிட்டார். குடிக்கக் கிணறு இருந்தது. ஆனால் ஜானிக்குலம் குன்றிலிருந்த மாவு மில்லெல்லாம் அந்தத் தண்ணீரில்தான் ஓடின. மில் நின்றது, ரொட்டியும் நின்றது. மாட்டைக் கட்டி அரைக்கலாமென்றால் தீனிக்கே திண்டாட்டம்.

தளபதி டைபர் ஆற்றைப் பார்த்தார். பாலத்தின் வளைவிலிருந்து தண்ணீர் சீறிவரும் இடத்தில் இரண்டு படகுகளை இரண்டடி இடைவெளியில் கயிறு போட்டுக் கட்டினார். நடுவில் சக்கரம், படகில் திருகைக்கல். ஆறு ஓடியது, மாவு கொட்டியது.

எந்த ஊரிலும் தகவல் சொல்ல ஆள் உண்டே! சேதி எட்டியதும் கோத்துகள் பெரிய மரங்களையும் பிணங்களையும் ஆற்றில் தள்ளிவிட, சக்கரங்கள் நொறுங்கின. பெலிசாரியஸ் மேல்பக்கமாக ஆற்றின் குறுக்கே இரும்புச் சங்கிலி கட்டினார். வந்ததெல்லாம் அதில் சிக்க, ஆள் வைத்துக் கரையில் அள்ளிப் போட்டார். அவருடைய செயலாளர் புரொகோபியஸ் இதையெல்லாம் எழுதியும் வைத்துவிட்டார்.

திருகைக்குப் பதில் டைனமோ வைத்தால் அதுதான் நம் பிள்ளைகளின் அறிவியல் ப்ராஜெக்ட். தெர்மோகோல் படகு, பிளாஸ்டிக் ஸ்பூன் சக்கரம், பொம்மைக் காரில் கழற்றிய மோட்டார், ஒரு எல்.இ.டி. "படகு ஏம்பா நகரல?" என்று கேட்கும் நடுவருக்கு யாராவது சொல்லுங்கள்: ஆற்றோடு படகும் போனால் சக்கரத்துக்கு என்ன வேலை? கட்டிப்போட்டால்தான் கரண்ட்.

ஆறும் ஓட வேண்டும். நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் பாயும் நீரில் 500 வாட் சக்தி இருக்கிறது. வேகம் பாதியானால் 62 வாட்தான் மிச்சம்.

புதுச்சேரிப் பக்கத்து ஒதியம்பட்டுக்காரர்களுக்கு வாய்த்ததோ சங்கராபரணி ஆறு. ஐப்பசி, கார்த்திகையில் வீடூர் அணை திறந்தால் படகோடு கட்டிய மரமும் போகும். 2024 ஃபெஞ்சல் புயல் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சித்திரையில் வேகமும் இல்லை, வாட்டும் இல்லை.

அதனால் கண்காட்சியில் ஆறு ஒரு பிளாஸ்டிக் டப்புக்குள் வந்துவிடுகிறது. தண்ணீரை ஓடவிட மீன்தொட்டி பம்ப். பம்புக்கு மின்துறை கரண்ட். பதினெட்டு வாட்டைச் செலவழித்து ஒரு எல்.இ.டியை மினுக்கினால் கைதட்டல், முதல் பரிசு, 'மின் சிக்கனம்' என்று அச்சடித்த சர்டிபிகேட்.