தான் திரும்பிய திருமேனி

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் சாலையில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கல்லை விட்டெறிந்தால், அது ஏதாவது ஒரு ஏற்றுமதிக் கண்டெய்னர் மேல்தான் விழும். இருங்காட்டுக்கோட்டையிலிருந்து கார், ஒரகடத்திலிருந்து லாரி, வல்லம் வடகாலிலிருந்து ராயல் என்ஃபீல்டு, சுங்குவார்சத்திரத்துப் பக்கமிருந்து ஐபோன் என்று உலகத்தில் பாதிப்பேர் எங்கள் ஊர்ச் சரக்கில்தான் ஓடுகிறார்கள், மீதிப்பேர் எங்கள் ஊர்ச் சரக்கில்தான் பேசுகிறார்கள். 2025-இல் டிரம்ப் வரி வரப்போகிறது என்றதும் 600 டன் ஐபோன்களைத் தனி விமானங்களில் ஏற்றி அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள் என்று ராய்ட்டர்ஸ் செய்தி போட்டது. சென்னை விமான நிலையத்தில் கஸ்டம்ஸ் சோதனைக்கு ஆகும் 30 மணி நேரத்தை அதற்காக 6 மணி நேரமாகக் குறைத்தார்களாம்.

இத்தனையும் போய்ச் சேர்ந்த ஊருக்குப் போய்ச் சேராத ஒரே சரக்கு, என் மனைவி அனுப்பிய ராமானுஜர்தான்.

முதலில் என் உத்தியோகத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரகடத்தில் வாகன உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் டெஸ்பாட்ச் பிரிவு. ரப்பர் புஷ்களைப் பெட்டி பெட்டியாகக் கடல் கடந்து அனுப்புவது என் வேலை. அங்கே ஒரு வாடிக்கையாளர் "சரக்கு வேண்டாம்" என்று கையை விரித்தால் யாருக்கும் வியர்ப்பதில்லை. எல்.சி. என்ற லெட்டர் ஆஃப் கிரெடிட் இருக்கிறது, பேங்க் இருக்கிறது, எல்லாவற்றுக்கும் மேல் 1957-இல் மத்திய அரசு ஆரம்பித்த இ.சி.ஜி.சி. என்ற ஏற்றுமதிக் கடன் உத்தரவாத நிறுவனம் இருக்கிறது. வாங்கியவர் திவாலானாலும் சரி, வந்து இறங்கிய சரக்கை ஏற்க மறுத்தாலும் சரி, நிபந்தனைகளுக்கு உட்பட்டு நஷ்டஈடு உண்டு. எங்கள் மேனேஜர் டீயை நிதானமாகக் குடித்து முடித்துவிட்டு, "பேப்பரை எல்லாம் எடுத்து கிளைம் போட்டுடுப்பா" என்பார். அவ்வளவுதான்.

வீட்டில் நடப்பது வேறு கம்பெனி. நிர்வாக இயக்குநர் என் மனைவி. பேக்கிங், தூக்குக்கூலி, போக்குவரத்து, திட்டு வாங்குதல் ஆகிய நான்கு துறைகளும் என் பொறுப்பு. காஞ்சிபுரம் பொம்மைக்காரத் தெருவில் காகிதக்கூழ் கொலு பொம்மைகளை எடுத்து, ஆன்லைனில் வெளிநாட்டுத் தமிழர்களுக்கு விற்கிறாள். தசாவதாரம், கல்யாண செட், கிரிக்கெட் செட் எல்லாம் உண்டு. ஆனாலும் கடையின் நட்சத்திரம் ராமானுஜர்தான். 1017-இல் இந்த ஊரில் பிறந்தவரை இந்த ஊரிலிருந்தே வரவழைத்தோம் என்று சொல்லிக்கொள்வதில் அமெரிக்க வைஷ்ணவர்களுக்கு ஒரு திருப்தி.

நியூ ஜெர்சி எடிசனிலிருந்து ஒரு மாமி 90 டாலர் கட்டி ஆர்டர் செய்தார். ஒன்றரை அடி உயரம், கூப்பிய கை, தோளோடு சாய்ந்த முக்கோல். அந்த முக்கோல்தான் பேக்கிங்கில் என் பிராணனை வாங்கியது. மூன்று குச்சிகளையும் கழற்றி, பழைய தினத்தந்தியில் தனித்தனியாகச் சுற்றி, அதற்கு மேல் ஸ்பாஞ்ச், அதற்கு மேல் பப்பிள் ராப், அதற்கு மேல் அட்டைப்பெட்டி, அதற்கு மேல் இன்னொரு அட்டைப்பெட்டி. மூடுவதற்கு முன் எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்தாள். பீடத்துக்கு அடியிலும் எடுத்தாள். அங்கே பொம்மைக்காரர் பென்சிலில் "மூக்கு பாக்கி" என்று தனக்குத்தானே எழுதி வைத்திருந்தார்.

"மூக்குதான் நல்லா இருக்கே, இதை ஏன் எடுக்கற?"

"இருக்கட்டுங்க. எது எப்ப உதவும்னு யாருக்குத் தெரியும்?"

அடுத்தது கஸ்டம்ஸ் படிவம். உலகத்திலுள்ள சரக்குக்கெல்லாம் ஓர் எண் உண்டு. பொம்மை என்றால் 9503. அதே தலைப்பில்தான் மூன்று சக்கரச் சைக்கிளும் வருகிறது. விசிஷ்டாத்வைதத்தை நிலைநாட்டியவரைச் சைக்கிளோடு சேர்ப்பதா என்று எனக்குச் சங்கடம். "சிலை" என்று எழுதலாமே என்றேன். கூரியர் அலுவலகத்துத் தம்பி பதறிவிட்டார். "சார், சிலைன்னு எழுதினீங்கன்னா பழங்காலப் பொருள் இல்லைன்னு தொல்லியல் துறை சர்டிபிகேட் கேப்பாங்க. பொம்மைன்னே போடுங்க." போட்டோம். அது ஆகஸ்ட் மூன்றாவது வாரம்.

பார்சல் இங்கே கிளம்பும்போது அமெரிக்காவில் ஒரு சட்டம், அங்கே இறங்கும்போது வேறு சட்டம். அதுவரை 800 டாலர் வரையுள்ள பார்சலுக்கு அங்கே வரி கிடையாது. 2025 ஆகஸ்ட் 29-ஆம் தேதியோடு அந்தச் சலுகையை எல்லா நாடுகளுக்கும் எடுத்துவிட்டார்கள். அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் இந்தியச் சரக்குக்கு வரி 50 சதவீதமாகியிருந்தது. வரியை யார் வசூலிப்பது, எப்படிக் கட்டுவது என்று யாருக்கும் புரியவில்லை. நம் அஞ்சல் துறை ஆகஸ்ட் 25 முதல் அமெரிக்கப் பார்சல்களை நிறுத்தியது. மாதக் கடைசியில் கடிதத்தையும் நிறுத்தியது. நாம் மட்டும் இல்லை. 88 அஞ்சல் நிறுவனங்கள் முழுதாகவோ பாதியாகவோ கடையைச் சாத்தின என்றும், அமெரிக்காவுக்குப் போகும் தபால் ஒரே வாரத்தில் 81 சதவீதம் விழுந்துவிட்டது என்றும் அகில உலக அஞ்சல் ஒன்றியம் சொன்னது. நவராத்திரி செப்டம்பர் 22. கொலு பொம்மை விற்பவர்களுக்கு இதைவிட நல்ல முகூர்த்தம் யார் பார்த்துக் கொடுக்க முடியும்?

எங்கள் ராமானுஜர் தனியார் கூரியரில் போனதால் அட்லாண்டிக்கைத் தாண்டிவிட்டார். மாமி வீட்டு வாசல்வரை போய்விட்டார். அங்கிருந்துதான் வாட்ஸ்அப் கால் வந்தது.

"ஏம்மா குழந்தே, பொம்மையே தொண்ணூறு டாலர். வாசல்ல நிக்கறவன் அதுக்கு மேல அறுபது கேக்கறானே! இது என்ன அநியாயம்?"

"அது எங்களுக்கு இல்ல மாமி. உங்க ஊர்ல போட்ட வரி. நாப்பத்தஞ்சு டாலர் வரி, மீதி அதைக் கட்டி எடுத்ததுக்கு கூரியர் கூலி."

"எங்க ஊரு வரியா இருந்தா என்ன, யார் ஊரு வரியா இருந்தா என்ன? நான் வேண்டாம்னு சொல்லிட்டேன். நீ பணத்தை அனுப்பிடு."

மாமி மேல் எனக்குக் கோபமில்லை. வீட்டு வாசலில் பெருமாளே வந்து நின்றாலும் கூடுதலாக அறுபது டாலர் கேட்டால் ஒரு கணம் யோசிக்கத்தான் தோன்றும். டிராக்கிங்கில் "வாங்குபவர் மறுத்துவிட்டார்" என்று விழுந்தது. அன்று மாலையே மாமி, "பொருள் வந்து சேரவில்லை" என்று நாங்கள் விற்ற இணையச் சந்தையில் புகாரும் கொடுத்துவிட்டார்.

இந்தச் சந்தைகளிலும் பணம் வாங்கித் தரும் நிறுவனங்களிலும் "விற்பனையாளர் பாதுகாப்பு" என்று ஓர் ஏற்பாடு உண்டு. பெயரைக் கேட்டால் இசட் பிரிவு காவல் மாதிரி இருக்கும். படித்துப் பார்த்தால்தான் தெரியும். உதாரணத்துக்கு, பேபாலில் "வந்து சேரவில்லை" என்ற புகாரிலிருந்து விற்பவர் தப்ப வேண்டுமானால், ஆர்டரில் உள்ள அதே முகவரியில் பொருள் போய்ச் சேர்ந்ததற்குச் சான்று காட்ட வேண்டும். 750 டாலரோ அதற்கு மேலோ என்றால் கையெழுத்தும் வேண்டும். எட்ஸி 2022 ஆகஸ்டில் கொண்டுவந்த திட்டத்திலும் 250 டாலர் வரைதான், அதற்கும் ஆயிரம் நிபந்தனை. அதாவது, பொருள் போய்ச் சேர்ந்திருந்தால் உங்களுக்குப் பாதுகாப்பு உண்டு. போய்ச் சேர்ந்துவிட்டால் பாதுகாப்பு எதற்கு என்று நீங்கள் கேட்கக் கூடாது.

நாங்கள் விற்ற சந்தையின் உதவி மையத்தில் ஓர் இயந்திரம் பேசியது. "டெலிவரி ஆனதற்கான புகைப்படம் இருக்கிறதா?" என்றது. வாங்க மறுத்துவிட்டார்கள் என்று எழுதினோம். "புரிகிறது. டெலிவரி ஆனதற்கான கையெழுத்து இருக்கிறதா?" என்றது. கொஞ்ச நேரத்தில் மாமிக்கு 90 டாலரும் திரும்பிப் போய்விட்டது. எங்களுக்கு, இந்த உரையாடல் எப்படி இருந்தது என்று ஐந்து நட்சத்திரம் கொடுக்கச் சொல்லி ஒரு மெயில் வந்தது.

வக்கீல் சித்தப்பாவுக்குப் போன் போட்டோம். காஞ்சிபுரம் கோர்ட்டில் முப்பது வருஷ சர்வீஸ். அவருக்கு ஒரே குஷி.

"1930-ஆம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 39. விற்கிறவன் சரக்கை அனுப்புறதுக்காக கேரியர்கிட்ட ஒப்படைச்சாலே, வாங்கறவன் கையில கொடுத்த மாதிரின்னு முகாந்திரமா எடுத்துக்கணும். உன் கேஸ் ஸ்ட்ராங்கா இருக்கு!"

"அப்ப பணம் வந்துருமா சித்தப்பா?"

"அது எப்படி வரும்? அந்தம்மா அமெரிக்கால இல்ல இருக்கு? நீ சந்தையில சேரும்போது 'ஒப்புக்கொள்கிறேன்'னு அமுக்கிட்டல்ல? அதுதான் இப்ப செல்லும்."

"இதுக்கு பேசாம போஸ்ட் ஆபீஸ்லயே போட்டிருக்கலாமோ?"

"அங்க மட்டும்? 1898 அஞ்சல் சட்டத்துல ஆறாவது பிரிவுன்னு ஒண்ணு இருந்துச்சு. தொலைஞ்சாலும், மாறிப் போனாலும், லேட்டானாலும், உடைஞ்சாலும் அரசாங்கம் பொறுப்பில்லன்னு. இப்ப 2023-ல புதுச் சட்டம் போட்டு, 2024 ஜூன்ல அமலுக்கும் வந்துருச்சு. அதுல பத்தாவது பிரிவைப் படி. விதியில தனியாச் சொன்ன பொறுப்பைத் தவிர வேற எதுக்கும் பொறுப்பில்ல. வெள்ளைக்காரன் போயிட்டான். பிரிவு நம்பர்தான் மாறியிருக்கு."

யோசித்துப் பார்த்தால் எல்லாருக்கும் பாதுகாப்பு இருக்கிறது. அஞ்சல் துறையைச் சட்டம் காப்பாற்றுகிறது. கூரியரை, பில்லுக்குப் பின்னால் எறும்பு எழுத்தில் அச்சடித்த நிபந்தனைகள் காப்பாற்றுகின்றன. வாங்கியவரைச் சந்தை காப்பாற்றுகிறது. சந்தை கைவிட்டால் கிரெடிட் கார்டு பேங்க் காப்பாற்றுகிறது. விதியை எழுதும் இடத்தில் யார் யார் உட்கார்ந்திருந்தார்களோ அவரவர் தமக்கொரு குடை பிடித்துக்கொண்டார்கள். விற்கிறவளை அந்தக் கூட்டத்துக்கு யாரும் கூப்பிடவில்லை. அவள் பக்கத்தில் பாதுகாப்பு என்று இருந்தது நான் சுற்றிய பப்பிள் ராப் மட்டும்தான்.

அதற்குள் கூரியர்காரர்கள் ஒரு கேள்வி அனுப்பினார்கள். பார்சலைத் திருப்பி அனுப்புவதா, கைவிடுவதா? திருப்பி அனுப்பினால் கூலி பொம்மையின் விலையைத் தாண்டும். கைவிட்டால் அங்கேயே அழித்துவிடுவார்கள். டெஸ்பாட்ச் மூளை உடனே கணக்குப் போட்டது. "கைவிட்டுடலாம்" என்றேன்.

அடுக்களையிலிருந்து அம்மா வெளியே வந்தார்.

"எதைடா கைவிடப்போற? பெரும்புதூர்ல பொறந்துட்டு எம்பெருமானாரை அமெரிக்காக்காரன் குப்பையில போடுன்னு சொல்லுவியா?"

இதற்கு இ.சி.ஜி.சி.யிலும் பதில் கிடையாது. பணத்தைக் கட்டினோம்.

ராமானுஜர் மீனம்பாக்கத்தில் இறங்கினார். இறங்கியதும் இந்திய கஸ்டம்ஸ் கேட்ட கேள்வி நியாயமானது. இது இங்கிருந்து போனதுதானா, புதிதாக இறக்குமதியானதா? ஏற்றுமதி செய்த சரக்கு அப்படியே திரும்பி வந்தால் வரிவிலக்கு உண்டு. 2017-இல் போட்ட அறிவிக்கைப்படி அதற்குச் சில வருஷ அவகாசமும் உண்டு. ஆனால் போனதும் வந்ததும் ஒன்றுதான் என்று நிரூபிக்க வேண்டும். காருக்கு என்ஜின் நம்பர் உண்டு, போனுக்கு ஐ.எம்.இ.ஐ. உண்டு. ராமானுஜருக்கு எங்கே போவது?

என் மனைவி மொபைலை எடுத்து பீடத்தின் போட்டோவை அனுப்பினாள். "மூக்கு பாக்கி." அங்கே பெட்டியைத் திறந்து கவிழ்த்துப் பார்த்திருக்கிறார்கள். அதே கையெழுத்து, அதே பென்சில். வரியில்லாமல் விட்டுவிட்டார்கள். இந்த விவகாரம் முழுவதிலும் எங்களுக்குக் கிடைத்த ஒரே விற்பனையாளர் பாதுகாப்பு அந்த இரண்டு சொல்தான்.

வீடு வந்து சேர்ந்தபோது சரஸ்வதி பூஜை முடிந்திருந்தது. பெட்டி முழுக்க ஸ்டிக்கர், ஓரமாகக் கத்தியால் கீறி மறுபடி ஒட்டிய பச்சை டேப். உள்ளே முக்கோலில் ஒரு குச்சி முறிந்திருந்தது. கூப்பிய கை அப்படியே இருந்தது. ராமானுஜருக்குத் திருமேனி மூன்று என்பார்கள். இந்த ஊரில் இருப்பது தானுகந்த திருமேனி, மேல்கோட்டையில் தமருகந்த திருமேனி, ஸ்ரீரங்கத்தில் தானான திருமேனி. எங்கள் வீட்டு அலமாரியில் இப்போது நாலாவதாக ஒன்று இருக்கிறது, தான் திரும்பிய திருமேனி.

அக்டோபர் 15-ஆம் தேதி அஞ்சல் துறை அமெரிக்கச் சேவையை மறுபடி தொடங்கியது. இந்த முறை 50 சதவீத வரியை அனுப்புகிறவரே இங்கே முன்கூட்டிக் கட்டிவிட வேண்டும் என்ற ஏற்பாட்டோடு. கேட்டவுடன் வயிறு எரிந்தாலும், இதுதான் சரி. வாசலில் பேரம் கிடையாது, மறுப்பு கிடையாது, திரும்பி வருவதும் குறையும். ஆன்லைனில் வெளிநாட்டுக்கு விற்கிறவர்களுக்கு நான் சொல்வதும் அதுதான். வரியை விலையிலேயே சேர்த்து வாங்குங்கள். மறுத்தால் திரும்பும் கூலி யாருடையது என்பதைக் கடை வாசலிலேயே எழுதிப் போடுங்கள். பார்சலை மூடுமுன் அடிப்பக்கத்தையும் போட்டோ எடுங்கள். பாதுகாப்பு என்று பெயர் வைத்த எதையும் முழுதாகப் படிக்காமல் நம்பாதீர்கள்.

கடல் கடந்து வாழும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கொலுவுக்கு ஆர்டர் செய்வதென்றால் ஆடியிலேயே செய்துவிடுங்கள். வரியோடு சேர்த்து விலை சொல்லும் கடைக்காரியைத் திட்டாதீர்கள், அவள் உண்மையைச் சொல்கிறாள். வேண்டாம் என்று தோன்றினால் பெட்டி இங்கே இருக்கும்போதே சொல்லிவிடுங்கள். கிளம்பிய பிறகு வாசலில் மணி அடித்தால், தயவுசெய்து கதவைத் திறந்து வாங்கிக்கொள்ளுங்கள்.