ஏழு இண்டெக்ஸும் இருக்கட்டும் பேராண்டி

ஏலே பேராண்டி, திண்ணையில லேப்டாப்பை வச்சுக்கிட்டு நீ லோடு போடுத அழகே அழகுலே! ரெண்டு கோடி வரி, ஒரே டேபிள், அதுமேல ஏழு இண்டெக்ஸ். ஒண்ணையும் எடுத்துராத. ஒவ்வொரு வரிக்கும் ஏழு எடத்துல எடந்தேடிச் செருகிக்கிட்டே கெடக்கட்டும். ஆட்டோகமிட்டையும் அணைச்சுராத, வரிக்கு ஒருதரம் டிஸ்க்கு வரைக்கும் போயிட்டு வரட்டும். லோடு டேட்டான்னு மைஎஸ்கியூஎல்காரன் ஒரு கட்டளை வச்சிருக்கான். இன்சர்ட்டை விடப் பெரும்பாலும் 20 மடங்கு வேகம்னு அவன் கையேட்டுலயே போட்டிருக்கான். அதெல்லாம் வீட்டுக்குச் சீக்கிரம் போக நெனைக்கவனுக்கு. நீதான் வீட்டுலயே இருக்கியே!

கல்யாண வீட்டுல மொய் எழுதுதவன் வந்த வரிசைக்கு எழுதிக்கிட்டே போவான். ஊர்வாரியாப் பிரிக்கதெல்லாம் பந்தி முடிஞ்ச பொறவுதான். அந்தப் பட்டிக்காட்டுப் புத்தி உனக்கெதுக்கு? இத்தனைக்கும் மைஎஸ்கியூஎல் 5.7 வந்ததுல இருந்து, கடேசியில இண்டெக்ஸ் போட்டா அதோட இன்னோடிபி எஞ்சின் எல்லாத்தையும் ஒருதரம் வரிசைப்படுத்தி அடியில இருந்து அடுக்கிக் கட்டிருது.

'டிசேபிள் கீஸ் போட்டிருக்கேன் தாத்தா'ன்னு நெஞ்ச வேற நிமித்துத. அது மைஐசாம் டேபிளுக்குலே, அதுலயும் யுனிக் இல்லாத இண்டெக்ஸுக்கு மட்டும். 2010-ல 5.5 வந்ததுல இருந்து, சொல்லாம டேபிள் கட்டுனா அது இன்னோடிபிதான். 'இந்த வசதி நம்மகிட்ட இல்ல'ன்னு ஒரு குறிப்பைக் காட்டிட்டு, அது பாட்டுக்கு ஏழு இண்டெக்ஸையும் திருத்திக்கிட்டு இருக்கும். குறிப்பை யாரு படிக்கா?

சரி, எடுக்கேன்னு கெளம்புனா நீ யுனிக்கையும் சேத்துல்லா புடுங்குவ! ஒரே ரசீது நம்பர் நாலுதரம் உள்ள வந்து ஒக்காந்துக்கிடும். பொறவு யுனிக் கட்டப்போனா மாட்டேன்னு நிக்கும். நாலுல எது நெசம்னு நடுச்சாமத்துல பூவா தலையா போட்டுப் பாரு. பிரைமரி கீயிலயாவது கை வைக்காத. இன்னோடிபி வரிகளையே அந்த வரிசையிலதான் அடுக்குது. ஃபைலை அதே வரிசையில குடுத்தா வழுக்கிக்கிட்டு ஏறும். நீயோ கண்டமேனிக்கு வார யூயூஐடியைக் கீயா வச்சிருக்க. பெரிய மனசுதான்.

இன்னொண்ணு. டேபிள்ல அம்பது கோடி வரி கெடக்கையில அம்பதாயிரம் ஏத்தணும்னா மட்டும் இண்டெக்ஸையெல்லாம் கழட்டிரு, என்னா? திரும்ப அம்பது கோடிக்கும் கட்டணும்லா, பொழுது போவும்.

இந்த ஃபாரின் கீ செக்ஸை பூஜ்யமாக்கிட்டு ஏத்துதியே, அதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச வித்தை. முடிஞ்சதும் மறக்காம ஒண்ணுன்னு மாத்திட்டு நிம்மதியாப் படுத்துருவ. எடையில ஏறுன வரியை அது திரும்பியே பாக்காதுன்னு உனக்கு யாரும் சொல்லல போல. தாய் டேபிள்ல இல்லாத வாடிக்கையாளர் பேருக்கு ஆர்டர் ஆயிரக்கணக்குல நிக்கும். தேடிப்புடிக்க ஒரு லெஃப்ட் ஜாயின் போதும், அஞ்சு நிமிசம். வேண்டாம் விடு. ரிப்போர்ட்டு ஒதைக்கையில நீ பெங்களூருல வேற கம்பெனியில இருப்ப. ஒன் நாற்காலிக்கு வார பய பாத்துக்கிடட்டும்.